சின்னத்தை எங்கே வைத்துப் பார்ப்பது?

(விருதுநகரில் சிறுதொழில் முனைவோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு தொழிலுக்கு லோகோ எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். லேபிளும் அட்டைப்பெட்டியும் பையும் அச்சடிக்கிற வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் நான். அதனால் அச்சுக்கூடத்தின் பக்கமிருந்துதான் எனக்குப் பேச வரும். விளம்பரக் கம்பெனியில் இருப்பவர் பேசினால் வேறு விதமாகப் பேசுவார். அதிலும் விஷயம் உண்டு, அதையும் ஒருநாள் கேளுங்கள்.

என்னிடம் வருகிறவர்கள் நாலைந்து டிசைன்களை மேஜையில் பரப்பிவைத்து, "இதுல எது நல்லா இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். ஒவ்வொன்றும் ஏ4 தாளில், பளபளவென்று, நட்டநடுவில் பெரிதாக, சுற்றிலும் தாராளமாக வெள்ளை இடம் விட்டு அச்சடித்திருக்கும். அப்படி வைத்துப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தாளை வாடிக்கையாளர் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. அவர் பார்ப்பது மளிகைக்கடையின் மேல்தட்டில் தூசி படிந்து நிற்கும் பாக்கெட்டை. லாரியில் நசுங்கி வந்த பெட்டியை. மங்கலாக அடித்த பில்லை. செல்போனில் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய வட்டத்தை. ஒரு லோகோ ஆக மோசமாகத் தெரியப்போகிற இடம் எதுவோ, அந்த இடத்தில் வைத்துப் பார்த்துத்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

இதைக் கற்றுக்கொள்ள நாம் தூரதேசம் போக வேண்டாம். இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சிவகாசி. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுவந்தார்கள். மறு ஆண்டே சிவகாசியில் தொழில் தொடங்கிவிட்டது. பிற்பாடு இருவரும் தனித்தனியாகத் தொழில் நடத்தியபோது, ஒருவர் தன் பெட்டிக்கு அணிலை வைத்தார், மற்றவர் காக்கையை வைத்தார். நினைத்துப் பாருங்கள். சிங்கத்தையும் கழுகையும் வைத்திருக்கலாம். வெளிநாட்டுப் பெட்டிகளில் அப்படிப்பட்ட படங்கள் ஏராளமாக வந்துகொண்டிருந்த காலம் அது. இவர்கள் எடுத்ததோ, வீட்டு முற்றத்துக்குத் தினமும் வந்துபோகிற இரண்டு உயிர்களை.

அன்றைக்கு இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. பெட்டி வாங்க வருகிறவருக்கு எழுத்து தெரியாது. எடுத்துக் கொடுக்கிற கடைப்பையனுக்கும் தெரியாமல் இருக்கலாம். வீட்டிலிருந்து ஒரு குழந்தையைக் கடைக்கு அனுப்பினால், "காக்கா பெட்டி வாங்கிட்டு வா" என்று சொன்னால் போதும். குழந்தை சரியான பெட்டியோடு திரும்பி வரும். வாயால் சொல்ல முடிகிறது, காதால் கேட்டு நினைவில் வைக்க முடிகிறது, கண்ணால் பார்த்து எடுக்க முடிகிறது. காக்கையின் உருவமும் அணிலின் உருவமும் எவ்வளவு மோசமாக அச்சடித்தாலும் ஒன்றோடு ஒன்று குழம்பாது. இன்றைக்கும் தீபாவளி நேரத்தில் பட்டாசுக் கடையில் நின்றால் அணில் மார்க், சேவல் மார்க் என்று கேட்கிற குரல் காதில் விழும். டி.வி.எஸ். நிறுவனத்துக்குக் குதிரை, முருகப்பா குழுமத்துக்கு மயில். 1916இல் இதே விருதுநகரில் பிறந்த குளிர்பானக் கம்பெனிக்குப் பெயரே காளிமார்க்.

தீப்பெட்டி லேபிளை நான் ஒரு பள்ளிக்கூடம் என்றே சொல்வேன். ஒரு பெட்டியின் முகப்பு சுமார் இரண்டு அங்குல நீளம், ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவான அகலம். அதற்குள் படம், பெயர், கம்பெனி, ஊர் எல்லாம் அடங்க வேண்டும். சாதாரணத் தாள், மலிவு மை. பெட்டி சட்டைப்பையில் வேர்வையில் நனையும், அடுப்படியில் கரி படியும். போதாததற்கு 2007 முதல் 2021 டிசம்பர் வரை சில்லறை விலை எல்லாப் பெட்டிக்கும் ஒரே ஒரு ரூபாய். விலையில் போட்டி கிடையாது. உள்ளே இருக்கிற குச்சியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு பெட்டியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்ட அந்தச் சின்னஞ்சிறு படத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதனால்தான் ஒரு லேபிள் ஓடத் தொடங்கியதும் அதைப் பார்த்து இன்னொருவர் வரைவார். அப்படிப் போலி செய்கிறவர்கள் எதைக் காப்பி அடிக்கிறார்கள் என்று கவனித்தால் நமக்கு ஒரு பாடம் கிடைக்கும். படத்தை மாற்றுவார்கள், பெயரையும் சற்று மாற்றுவார்கள். ஆனால் நிறத்தையும், எது எங்கே இருக்கிறது என்கிற அமைப்பையும் அப்படியே வைத்துக்கொள்வார்கள். ஏனென்றால் தூரத்திலிருந்து கண் முதலில் பிடிப்பது அவற்றைத்தான். போலி செய்கிறவருக்குத் தெரிந்திருக்கிற இந்த விஷயம் அசல் முதலாளிக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

இப்போது அந்தத் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்துப் பார்ப்போம்.

எண்ணெய் ஆலை நடத்தும் ஒருவர் லோகோவோடு வந்தார். அஸ்தமன வானம், ஆரஞ்சிலிருந்து ஊதா வரை மெல்ல மெல்ல மாறுகிற ஷேடு, முன்னால் தென்னை மரம், மரத்தடியில் மாட்டுச் செக்கு, செக்கைச் சுற்றி ஒரு சொட்டு எண்ணெயின் வடிவம், அடியில் மெல்லிய எழுத்தில் கடையின் பெயர். கம்ப்யூட்டர் திரையில் கண்ணைப் பறித்தது. பாட்டில் லேபிளில், நாலு கலரில், அதுவும் பரவாயில்லை. அதையே பன்னிரண்டு பாட்டில் வைக்கும் அட்டைப்பெட்டியில் அடிக்க வேண்டும் என்றார். பழுப்பு அட்டை, ஒரே கலர், ரப்பர் மாதிரியான பிளேட்டில் மை தடவி அழுத்துகிற அச்சு. அந்த அச்சில் மை கொஞ்சம் பரவத்தான் செய்யும். அட்டை தண்ணீர் குடிக்கிற மண் மாதிரி மையைக் குடிக்கும். அட்டைக்குள் இருக்கிற அலைத்தாளின் மேடுபள்ளம் வேறு அச்சில் கோடு கோடாக விழும். வானம் மொத்தமும் ஒரே கறுப்பாகிவிட்டது. தென்னை ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. செக்கு இருந்த இடத்தில் ஒரு கறை. தள்ளி நின்று பார்த்தால் குடை பிடித்த ஆள் நிற்பது போலிருந்தது.

அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது எழுத்துக்கு நடந்தது. "எண்ணெய்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று சுழி ண அடுத்தடுத்து இரண்டு தடவை வருகிறது, புள்ளியும் இரண்டு வருகிறது. நம்முடைய எழுத்துகளுக்கு உயிர் சுழிகளில்தான் இருக்கிறது. எழுத்தைச் சிறிதாக்கி, கோட்டை மெல்லியதாக்கி, மையைப் பரவவிட்டால் முதலில் அடைபடுவது சுழிதான். ண-வும் ன-வும் ஒன்றாகிவிடும். ஞ எதுவென்றே தெரியாது. மெய்யெழுத்தின் புள்ளியோ சாக்கில் அடிக்கும்போது காணாமலே போய்விடும். தடித்த எழுத்தைப் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். தடிக்கத் தடிக்கச் சுழிக்குள் இருக்கிற வெள்ளை இடம் இன்னும் குறையும். ஆங்கில எழுத்துக்கு நன்றாக இருக்கிற தடிமன் தமிழ் எழுத்துக்கு அப்படியே பொருந்தாது. தமிழில் லோகோ எழுதத் தெரிந்தவர் சுழிகளைக் கொஞ்சம் பெரிதாகத் திறந்துவிடுவார், புள்ளியைக் கனமாக வைத்துச் சற்று மேலே தூக்கிவிடுவார், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விடுவார். கணினியில் கிடைக்கிற எழுத்துருவை அப்படியே தட்டச்சு செய்து கொடுப்பதற்கும் இதற்கும் வெகுதூரம். கைவேலையாகச் செய்கிற இந்த எழுத்துக்குக் கூடுதலாகக் காசு கேட்டால் மனம் கோணாமல் கொடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் தமிழில் பெயர் வைத்துவிட்டு, அது வாசிக்க முடியாமல் நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

அந்த ஆலைக்காரருக்கு என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். வானத்தை எடுத்தோம், தென்னையை எடுத்தோம், சொட்டையும் எடுத்தோம். செக்கு மட்டும் மிஞ்சியது. அதையும் உரலும் உலக்கையும் மட்டும் தெரிகிற மாதிரி, நிரப்பிய கறுப்பு உருவமாக வரைந்தோம். அவருக்கு முதலில் திருப்தியில்லை. இவ்வளவு செலவு செய்து இவ்வளவுதானா என்று முகத்தில் தெரிந்தது. பெட்டியில் அடித்துக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார்.

ஆகவே உங்கள் டிசைனர் கொண்டுவருகிற ஒவ்வொரு மாதிரியையும் முதலில் கறுப்பு ஒரே கலரில் கேளுங்கள். அதை ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து பழைய செய்தித்தாளில் குத்திப் பாருங்கள். பில் மிஷினில் அடித்துப் பாருங்கள். சட்டைக் காலரிலோ தொப்பியிலோ போடுகிற எண்ணம் இருந்தால் எம்பிராய்டரி போடுகிறவரிடம் காட்டிக் கேளுங்கள், நூலால் எவ்வளவு மெல்லிய கோடு போட முடியும் என்று அவர் சொல்வார். போனில் வாட்ஸ்அப் முகப்புப் படமாக வைத்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். இந்தச் சோதனைகளுக்கெல்லாம் சேர்த்து ஆகிற செலவு, ஒரு தடவை பெட்டி அடித்து வீணாக்குகிற செலவில் ஒரு சிறு பங்குகூட இல்லை.

இன்னொரு சோதனை கையால் வரைகிற சோதனை. இதைத் தேர்தல் சின்னங்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அரசியல் பேசப்போகிறேனோ என்று யாரும் நெளிய வேண்டாம், படத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். 1951-52 பொதுத்தேர்தலில் வாக்காளர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று வைத்து, பெட்டியின்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். அதற்காக அன்றாடம் கையாளுகிற பொருள்களையே சின்னமாக எடுத்தார்கள். எம்.எஸ். சேத்தி என்கிற தேர்தல் ஆணைய ஓவியர் பென்சிலால் வரைந்த சின்னங்கள், 1992இல் அவர் ஓய்வுபெற்ற பிறகும் புழக்கத்தில் இருக்கின்றன. நம் ஊரில் என்ன நடந்தது என்று பாருங்கள். இரண்டு மலைக்கு நடுவில் எழுகிற சூரியன். 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் வந்த இரண்டு இலை. இந்த இரண்டையும் சுண்ணாம்பு அடித்த சுவரில், காவிக்கட்டியைக் கையில் கொடுத்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகூட வரைந்துவிடும். இரண்டாவதை இரண்டு விரலைக் காட்டியே சொல்லிவிடலாம். ஓவியர் வேண்டாம், அச்சு வேண்டாம், மேடை வேண்டாம். எத்தனை ஆயிரம் சுவர்களில் எத்தனை பேர் கையால் எழுதினாலும் சின்னம் சிதையவில்லை.

உங்கள் லோகோவை வீட்டில் ஒரு பிள்ளையிடம் சிறிது நேரம் காட்டிவிட்டு, மறைத்து வைத்துக்கொண்டு, நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். அழகாக வரைய வேண்டும் என்பதில்லை. வரைந்ததைப் பார்த்து இன்னொருவர் இன்னாருடையது என்று சொல்ல முடிந்தால் அது தேறிவிட்டது.

இந்த இடத்தில் எல்லோரும் ஒரு கேள்வி கேட்பார்கள். இவ்வளவு எளிமையாக்கிவிட்டால் லோகோவில் அர்த்தம் எங்கே இருக்கும்? தாத்தா பெயரின் முதலெழுத்து வர வேண்டும், தொழில் தெரிய வேண்டும், வளர்ச்சியைக் காட்ட அம்புக்குறி வேண்டும், உலகம் பூரா போகப்போகிறோம் என்பதற்கு ஒரு உருண்டை வேண்டும் என்பார்கள். ஆசை நியாயமானது. ரத்தமும் வேர்வையும் சிந்தித் தொடங்குகிற தொழிலுக்கு எல்லாம் அமைய வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது? ஆனால் அர்த்தம் படத்திலிருந்து தொழிலுக்கு வருவதில்லை, தொழிலிலிருந்து படத்துக்கு ஏறுகிறது. ஸ்டேட் வங்கியின் சின்னத்தைப் பாருங்கள். நீல வட்டம், நடுவில் சிறு துளை, அதிலிருந்து கீழே இறங்குகிற ஒரு வெட்டு. 1971இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தைச் சேர்ந்த சேகர் காமத் வடிவமைத்தது. சாவித்துவாரம் என்பார் ஒருவர், அகமதாபாத்தின் காங்கரியா ஏரி என்பார் இன்னொருவர். அதில் ரூபாயும் இல்லை, பெட்டகமும் இல்லை. ஆனால் பென்ஷன் வாங்கப் போகிற பெரியவர் அந்த வட்டத்தைத் தெருமுனையில் கண்டதும் வந்து சேர்ந்துவிட்டோம் என்று மூச்சு விடுகிறார். அந்த அர்த்தத்தைக் கொடுத்தது கவுன்டரில் நடந்த வேலை.

எளிய வடிவமே போதும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணமும் உண்டு. இங்கிலாந்தில் வணிகச் சின்னங்களைப் பதிவு செய்யும் ஏடு 1876 ஜனவரி 1ஆம் தேதி திறக்கப்பட்டது. முதல் எண்ணைப் பெற்றது பாஸ் என்ற பீர் கம்பெனி. சின்னம் ஒரு சிவப்பு முக்கோணம், அவ்வளவுதான். பிரெஞ்சு ஓவியர் மானே 1882இல் வரைந்து முடித்த, மதுக்கடைப் பெண் ஒருத்தி நிற்கும் புகழ்பெற்ற ஓவியத்தில் அந்தக் கம்பெனியின் பாட்டில்கள் இருக்கின்றன. எழுத்தை நீங்கள் படிக்க வேண்டியதே இல்லை, தூரிகையால் தொட்டுவைத்த அந்தச் சிவப்பு முக்கோணமே பாட்டில் யாருடையது என்று சொல்லிவிடுகிறது. விளம்பரத்துக்காக யாரும் அதை வரைந்து தரவில்லை. ஒரு ஓவியரின் கண்ணில் அது தானாகப் பட்டிருக்கிறது.

லோகோவே இல்லாமலும் பெயர் வாங்கலாம் என்பதற்கும் நம்மிடம் சாட்சி உண்டு. திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடை என்ற அல்வாக்கடை. பளிச்சென்ற போர்டோ விளக்கோ இல்லாததே அந்தக் கடைக்கு அடையாளமாகிவிட்டது. அந்தப் பெயருக்காக நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2015இல் தீர்ப்பு வந்தது. இன்னொருவர் பின்னால் பதிவு வாங்கியிருந்தாலும், முன்பிருந்தே அந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்தி வருகிறவரின் உரிமையே மேல் என்றது நீதிமன்றம். இதைச் சிறிய கடைக்காரர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என்றைக்கு முதல் பில் போட்டீர்கள் என்பதற்கான காகிதம் உங்கள் சொத்து. பழைய பில் புத்தகத்தையும் முதல் லேபிளையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

சாமி படம் பற்றியும் தலைவர் படம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் பத்துப் பேரில் பாதிப்பேர் அதில்தான் தொடங்குகிறார்கள். மகாத்மா காந்தி, நேரு, சிவாஜி மகாராஜா, பிரதமர் ஆகியோரின் பெயரையும் படத்தையும் மத்திய அரசின் அனுமதியில்லாமல் வணிகத்துக்குப் பயன்படுத்த 1950ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. அசோகச் சக்கரத்துக்கும் தேசியக் கொடிக்கும் அதே தடை. அந்தச் சட்டத்தில் காலண்டருக்கு ஒரு விலக்கு இருக்கிறது. தயாரித்தவர், அச்சடித்தவர் பெயர் மட்டும் போட்டு, வேறு சரக்குக்கு விளம்பரமாக இல்லாத காலண்டரில் அந்தத் தலைவர்கள் படம் வரலாம். காலண்டர்காரர்களுக்கு உள்ள இந்தச் சலுகை உங்கள் மிளகாய்ப்பொடி பாக்கெட்டுக்குக் கிடையாது.

சாமிக்கு அப்படிப் பொதுவான தடை இல்லை. ஆனால் தனியுரிமை கேட்டுப் போனால் சிக்கல் வரும். ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைத் தனக்கு மட்டும் பதிவு செய்துதரக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தனதாக்கிக்கொள்ள முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டத்தை விடுங்கள். பாக்கெட் காலியானதும் எங்கே போகிறது? சாக்கடையோரம் கிடக்கிறது, மிதிபடுகிறது. முருகனையும் அம்மனையும் அந்த இடத்துக்கு அனுப்ப உங்களுக்கே மனம் வராது. வாங்குகிற அம்மாவுக்கும் அந்தப் பாக்கெட்டைக் கிழிக்கும்போது மனம் உறுத்தும். கல்லாவுக்கு மேலே சாமி படம் வைத்துக் கும்பிடுங்கள், லேபிளில் வேண்டாம் என்பது என் கருத்து.

நிறத்தைப் பற்றி ஊரில் நிறையப் பேசுகிறார்கள். சிவப்பு பசியைத் தூண்டும், நீலம் நம்பிக்கை தரும் என்றெல்லாம். நான் அதற்குள் போகவில்லை. எனக்குத் தெரிந்தது மையும் வெயிலும். நாலு கலர் அச்சில் மெஜந்தாவும் மஞ்சளும்தான் வெயிலில் முதலில் வெளுக்கும். நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். நெடுஞ்சாலையோரம் பழைய போஸ்டரில் எல்லோரும் நீல முகத்தோடு சிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்ததுதான் சிவப்பு. ஆகவே வெளியில் நிற்கிற போர்டுக்குச் சிவப்பு போட்டால் வெயில் தாங்கும் பெயின்டோ தனி மையோ கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, நம் ஊரில் சில நிறச் சேர்க்கைகளைக் கட்சிகள் எடுத்துக்கொண்டுவிட்டன. வேட்டிக் கரையில் பார்க்கிற சேர்க்கையை லோகோவில் வைத்தால், நீங்கள் எந்தப் பக்கம் என்று ஊர் முடிவு செய்துவிடும். உங்களுக்கு அந்தப் பற்று இருந்தால் தாராளமாக வையுங்கள். தெரியாமல் வைத்துவிடக் கூடாது.

இனி, எல்லோரும் அசட்டையாக விட்டுவிடுகிற விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் கொடுத்து வரையச் சொன்னால் படம் நம்முடையது என்று நினைக்கிறோம். உங்கள் சம்பளத்தில் இருக்கிற ஊழியர் வேலையின் பகுதியாக வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அது உங்களுடையது. வெளியிலிருக்கும் டிசைனர் வரைந்தால், 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமை வரைந்தவருக்கே என்று வாதிட இடமிருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்டு எழுத்தில் மாற்றிக் கொடுத்தால்தான் உங்கள் கைக்கு உறுதியாக வரும். அந்தக் கடிதத்திலும் கவனம் வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாமல் விட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாமல் விட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் சரக்கு அனுப்புகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எல்லா உரிமைகளும், பதிப்புரிமை உள்ள காலம் முழுவதும், உலகம் முழுவதும் என்று தெளிவாக எழுதி, லோகோவை அதே தாளில் அச்சிட்டு, கொடுத்த தொகையையும் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். டிசைனரிடம் இதைச் சண்டையாகக் கேட்க வேண்டாம், நல்ல கூலி கொடுத்துக் கேளுங்கள். கூலியைக் குறைத்துவிட்டு உரிமையை முழுதாகக் கேட்பது தர்மம் ஆகாது.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற டெம்ப்ளேட்டை எடுத்து, பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். தொடங்கும்போது கையில் காசிருக்காது, புரிகிறது. ஆனால் அந்த இலையும் அந்த வட்டமும் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடியது. அப்படிப்பட்ட தளங்கள் பலவற்றின் நிபந்தனைகளிலேயே அந்தப் படங்களை வணிகச் சின்னமாகப் பதிவு செய்யக் கூடாது என்று போட்டிருக்கும். காசில்லையென்றால் பெயரை மட்டும் நல்ல எழுத்தில் எழுதிவைத்துத் தொடங்குங்கள். படம் பிறகு வரட்டும்.

டிசைனரிடமிருந்து மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கோரல் டிராவிலோ வேறு எதிலோ, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் கோப்பு. பலரிடம் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு மங்கலான படம் மட்டும்தான். அதைப் பை அடிக்கிறவர் ஒரு மாதிரி திரும்ப வரைவார், போர்டு எழுதுகிறவர் இன்னொரு மாதிரி வரைவார். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் ஒரே கடைக்கு ஏழெட்டு லோகோ இருக்கும். ஒவ்வொரு மயிலுக்கும் ஒரு கழுத்து நீளம்.

பதிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிவகாசியில் அணிலும் காக்கையும் வந்தபோது இந்தியாவில் வணிகச் சின்னத்தைப் பதிவு செய்ய ஒரு சட்டமே இல்லை, 1940இல்தான் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1999ஆம் ஆண்டுச் சட்டம். நமக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது, ஆனால் இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கும் சிறுநிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். சரக்கும் சேவையும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மிளகாய்ப்பொடி 30ஆம் வகுப்பு, சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பு, தீப்பெட்டி 34ஆம் வகுப்பு, பட்டாசு 13ஆம் வகுப்பு. ஒரே பெயரில் பொடியும் எண்ணெயும் விற்றால் இரண்டு வகுப்பிலும் பதிய வேண்டும். லோகோவைக் கறுப்பு வெள்ளையில் கொடுங்கள். குறிப்பிட்ட நிறத்துக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தாமல் பதிந்தால், எல்லா நிறத்துக்கும் பதிந்ததாகவே சட்டம் கருதுகிறது. விண்ணப்பம் ஏற்கப்பட்டு இதழில் வெளியானபின் நான்கு மாதத்துக்குள் யாரும் ஆட்சேபிக்கலாம். பதிவு கிடைத்தால் பத்து ஆண்டு, பிறகு பத்துப் பத்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். பதிவு கைக்கு வராமல் வட்டத்துக்குள் ஆர் போடாதீர்கள், அதற்குச் சட்டப்படி அபராதம் உண்டு. அதுவரை டி.எம். என்று போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக, மாற்றுவது பற்றி. பிள்ளைகள் படித்து வந்து தொழிலில் உட்கார்ந்ததும் முதலில் கை வைப்பது அப்பா வைத்த லோகோவில். பழசாக இருக்கிறது என்பார்கள். தம்பிகளே, அந்தப் படத்தை அன்றாடம் பார்ப்பவர் நீங்கள், அதனால் உங்களுக்கு அலுத்துவிட்டது. மாதம் ஒருமுறை கடையில் தேடி எடுக்கிறவருக்கு அது அலுக்கவில்லை. அமெரிக்காவில் கேப் என்ற துணிக்கடை 2010 அக்டோபரில் தன் பழைய நீலச் சதுரத்தை விட்டுப் புதிய லோகோவுக்கு மாறியது. வாடிக்கையாளர்கள் போட்ட கூச்சலில் ஒரு வாரத்துக்குள் பழசுக்கே திரும்பியது. மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனத்துக்காக ஆர்.கே. லட்சுமண் 1954இல் வரைந்த கட்டு என்ற குறும்புப் பையன் பல பத்தாண்டுகள் நின்றுவிட்டு 2002இல் விடைபெற்றான், கம்பெனி போக விரும்பிய திசை வேறாகிவிட்டது. அப்படிக் காரணம் இருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் கோட்டைச் சீராக்குங்கள், சுழியைத் திறந்துவிடுங்கள், கோப்பைப் புதிதாக வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். கடைத்தட்டில் கை நீட்டுகிறவருக்கு மாற்றம் தெரியாமல் இதையெல்லாம் செய்ய முடியும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெயரையும் படத்தையும் முடிவு செய்வதற்கு முன்னால் பதிவாளர் அலுவலகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள், அதற்குக் கட்டணமில்லை. உங்கள் வகுப்பில் அதே மாதிரி ஒலிக்கிற பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள், எழுத்து மட்டும் வேறாக இருந்தால் போதாது. பெட்டி, பை, பில் ஆகியவற்றோடு வந்திருப்பவர்கள் தேநீர் நேரத்தில் அந்தப் பக்கத்து மேஜைக்கு எடுத்து வாருங்கள். ஸ்டாம்பு மையும் பழைய செய்தித்தாளும் கொண்டுவந்திருக்கிறேன், ஒவ்வொன்றாகக் குத்திப் பார்ப்போம்.